பழைய கார் பாகம் ஒன்றின் ஊரையும் வயதையும் கண்டுபிடிப்பது எப்படி?

பழைய கொட்டகை ஒன்றைக் காலி செய்தபோது கிடைத்த மரப்பெட்டியில் ஒரு பித்தளைக் கார்புரேட்டர், குதிரைலாடக் காந்தம் வைத்த மேக்னெட்டோ (எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் சிறு மின்னாக்கி), திருகிப் பூட்டும் ஹப் மூடி, ஒரு முன்விளக்கு, கையளவு போல்ட்டு நட்டுகள் இருந்தன என்றும், இவை எந்தக் காருடையவை, எந்த ஆண்டு, எந்த நாடு என்றும் நான்கு படங்களோடு கேட்டிருக்கிறீர்கள். கேள்வி ஒன்றுபோலத் தெரிந்தாலும் அதற்குள் மூன்று இருக்கின்றன. பாகத்தைச் செய்தது யார்? எப்போது செய்தார்கள்? எந்த வண்டியில் அது பூட்டியிருந்தது? முதல் கேள்விக்குப் பெரும்பாலும் உறுதியான பதில் கிடைக்கும். இரண்டாவதற்கு ஒற்றை ஆண்டு கிடைப்பது அரிது. இதற்கு முன்னால் இருக்கவே முடியாது, இதற்குப் பின்னால் இருக்க வாய்ப்பு குறைவு என்று இரண்டு எல்லைகள் கிடைக்கும். எல்லோரும் அறிய விரும்புவது மூன்றாவதைத்தான். பல சமயம் பதில் கிடைக்காமல் போவதும் அதற்குத்தான்.

காரணம் எளிது. 1900க்கும் 1920க்கும் இடையில் கார் கட்டியவர்களில் பெரும்பாலோர் எல்லாவற்றையும் தாங்களே வார்த்துக் கடைந்தவர்கள் அல்ல. எஞ்சின் கான்டினென்டல், ருட்டன்பர், பிரான்சில் என்றால் ஆஸ்டர், டி டியான்-பூட்டோன் போன்றவர்களிடமிருந்து வரும். அச்சு வெஸ்டன்-மாட் அல்லது டிம்கன், ஸ்டியரிங் பெட்டி ஜெம்மர், கியர் பெட்டி பிரவுன்-லைப் அல்லது வார்னர், கார்புரேட்டர் ஷெப்ளர், ஸ்ட்ராம்பர்க், ஜெனித், மேக்னெட்டோ பாஷ், ஐஸ்மான், ஸ்பிளிட்டார்ஃப். ஆக, பாகத்தின்மேல் இருக்கும் பெயர் காரின் பெயர் அல்ல. ஒரே கார்புரேட்டர் ஐம்பது வகைக் கார்களில் பூட்டப்பட்டிருக்கலாம். இதன் மறுபக்கமும் உண்டு: டாட்ஜ் சகோதரர்கள் தங்கள் பெயரில் கார் விடத் தொடங்கியது 1914 கடைசியில். அதற்கு முன் சுமார் பத்து ஆண்டுகள் ஃபோர்டுக்குப் பாகம் செய்து கொடுத்தார்கள். அதனால் டி, பி எழுத்துகள் பொறித்த கிராங்க் ஷாஃப்ட் கிடைத்தால் அதை டாட்ஜ் காருடையது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தொடக்ககால மாடல் டி ஃபோர்டிலிருந்து வந்ததாக இருக்கலாம்.

பெட்டியில் இருப்பதை இப்போதைக்குத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். கம்பித் தூரிகைச் சக்கரமும் மணல் வீச்சும் அழிப்பவைதான் நமக்கு வேண்டிய சான்றுகள்: ஆழமில்லாமல் தட்டிய எண்கள், முலாமின் மிச்சம், பழைய வண்ணத்தின் அடுக்குகள், வார்ப்புப் பரப்பின் தோல். கிடைத்த நிலையிலேயே முதலில் படம் எடுங்கள். பிறகு மண்ணெண்ணெயில் ஒரு இரவு ஊறவைத்து, நைலான் பல் துலக்கியாலோ மூங்கில் குச்சியாலோ கசடை எடுங்கள். எழுத்து தெரியாத இடத்தில் டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில், பரப்போடு ஒட்டியவாறு அடித்துப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் மறைந்தவை நிழலாக எழுந்து நிற்கும். வார்ப்பில் புடைத்த எழுத்துக்குச் சுண்ணக்கட்டியும், தட்டிப் பதித்த எழுத்துக்கு மெல்லிய தாள் வைத்து மென்பென்சிலால் தேய்த்தெடுக்கும் படியும் உதவும். பிரேக், கிளட்ச் பட்டைகளையும் வாயடைப்பு அட்டைகளையும் (கேஸ்கெட்) உலர்ந்த நிலையில் சுரண்டாதீர்கள், அக்காலத்தவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். இருட்டில் ஒளிரும் மீட்டர் முகப்பு இருந்தால் கண்ணாடியைத் திறக்காதீர்கள், அந்த வண்ணத்தில் ரேடியம் கலந்திருக்கும். ஒளி செத்துப்போனாலும் கதிரியக்கம் இருக்கும்.

எழுத்துகளை வாசிக்கும்போது, புடைத்து நிற்பவையும் குழிந்து பதிந்தவையும் இரு வேறு செய்திகள் என்பதை நினைவில் வையுங்கள். புடைத்தவை வார்ப்பு மாதிரியில் இருந்தவை. அதே மாதிரி பல ஆண்டுகள் பயன்பட்டிருக்கும். அந்த எண் பெரும்பாலும் வார்ப்பு எண்தான், உதிரிபாகப் பட்டியலில் அது இருக்காது. மாடல் டியிலேயே தொழிற்சாலை எண் ஒன்று, விற்பனைப் பட்டியல் எண் வேறு. குழிந்தவை பாகம் முடிந்த பிறகு தட்டியவை: வரிசை எண், சோதகர் முத்திரை, அல்லது வெறும் இணை எண். பேரிங் மூடிகளில் 1, 2, 3 என்று காணப்படுபவை எந்த மூடி எந்த இடத்துக்கு என்று பட்டறைக்காரர் தட்டிக்கொண்டவை. அவற்றைக் கார் எண் என்று எண்ணிப் பலர் பட்டியல்களில் தேடி அலைகிறார்கள்.

காப்புரிமை வரி இருந்தால் அதுதான் நல்ல தொடக்கம். அமெரிக்கப் பாகங்களில் பழைய வழக்கப்படி தேதி இருக்கும், பிற்காலத்தில் எண் இருக்கும். பல தேதிகள் இருந்தால் கடைசித் தேதிதான் முக்கியம்; பாகம் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. ஆனால் அது பிறந்த ஆண்டு அல்ல. 1904 காப்புரிமைத் தகட்டை 1914 வரை அடித்துக்கொண்டிருந்த நிறுவனங்கள் உண்டு. தேய்ந்த தேதியைப் படிக்க ஒரு வழி இருக்கிறது: அமெரிக்கக் காப்புரிமைகள் செவ்வாய்க்கிழமைகளில் மட்டுமே வழங்கப்பட்டன. 'மார்ச் 14, 190-' என்று இருந்து கடைசி இலக்கம் 5ஆ 6ஆ என்று குழப்பமானால் நாட்காட்டியைப் பாருங்கள். 1905 மார்ச் 14 செவ்வாய், 1906 மார்ச் 14 புதன். எனவே அது 1905. ஆனால் எல்லாக் குழப்பமும் தீராது. 3க்கும் 8க்கும் இடையிலான குழப்பத்தை இந்த வழி தீர்க்காது, ஏனென்றால் மார்ச் முதல் டிசம்பர் வரை 1903, 1908 இரண்டுக்கும் ஒரே நாட்காட்டிதான். எண் மட்டும் இருந்தால் அளவுகோல் இது: 1905 தொடக்கத்தில் 7,78,834, 1910இல் 9,45,010, 1915இல் 11,23,212, 1920இல் 13,26,899. பத்து இலட்சமாவது காப்புரிமை 1911 ஆகஸ்ட் 8 அன்று வாகன டயர் ஒன்றுக்கே கிடைத்தது. ஆக ஏழு இலக்க எண் இருந்தால் பாகம் 1911 ஆகஸ்டுக்கு முன் வந்திருக்க முடியாது. 'செல்டன் காப்புரிமையின் கீழ் உரிமம்' (பெட்ரோல் கார் மீதே உரிமை கோரிய அமெரிக்கக் காப்புரிமை அது) என்ற சிறு தகடு இருந்தால் இன்னும் நல்லது. அந்த உரிமம் பெற்ற கார் நிறுவனங்களின் சங்கம் 1903இல் தொடங்கியது. 1911 ஜனவரியில் மேல்முறையீட்டில் ஃபோர்டு வென்ற பிறகு அந்தத் தகட்டுக்கு மதிப்பு போய்விட்டது. இரு எல்லைகளும் ஒரே தகட்டில் கிடைப்பது அபூர்வம்.

மற்ற நாடுகளின் குறிகள் வேறு. டி.ஆர்.பி. என்றால் ஜெர்மன் பேரரசின் காப்புரிமை. டி.ஆர்.ஜி.எம். என்றால் அங்கே 1891 முதல் இருந்த சிறு பயன்பாட்டுப் பதிவு. 'பிரெவெத்தே எஸ்.ஜி.டி.ஜி.' என்றால் பிரான்ஸ், ஆனால் இந்தக் குறி பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1960கள் வரை ஓடியதால் வயது சொல்லாது. பிரிட்டிஷ் காப்புரிமை எண்கள் 1915 வரை ஆண்டுதோறும் ஒன்றிலிருந்து தொடங்கின. அதனால் எண்ணோடு ஆண்டும் இருந்தால்தான் பயன். 1916 முதல் 1,00,001இல் தொடங்கித் தொடர் எண். ஆறு இலக்கப் பிரிட்டிஷ் காப்புரிமை எண் கண்டால் 1916 அல்லது அதற்குப் பிந்தையது. ஒரு நாட்டின் காப்புரிமைக் குறி இருப்பதால் பாகம் அந்த நாட்டில்தான் செய்யப்பட்டது என்றாகிவிடாது. ஜெர்மன் மேக்னெட்டோவில் அமெரிக்கத் தேதியும், உரிமம் வாங்கி அமெரிக்காவில் செய்த பாகத்தில் பிரெஞ்சுக் குறியும் இருப்பது சாதாரணம்.

எழுத்தே இல்லாத பாகத்தில் பேசுவது மரை, அதாவது திருகின் சுற்றுவரி. இதை அவசரப்படாமல் பாருங்கள், நாட்டைச் சொல்வதில் இதைவிட நேர்மையான சான்று குறைவு. உங்களுக்கு வேண்டியது ஒரு வெர்னியர் காலிப்பரும், 55 பாகை, 60 பாகை, மெட்ரிக் ஆகிய மூன்று த்ரெட் கேஜ் (மரை அளக்கும் பல்தகடு) கட்டுகளும். பிரிட்டிஷ் விட்வொர்த் மரைக்குக் கோணம் 55 பாகை, உச்சியும் பள்ளமும் உருண்டிருக்கும். அமெரிக்க மரைக்கு 60 பாகை, உச்சி தட்டை. கால் அங்குல விட்டமுள்ள போல்ட்டுக்கு இரண்டிலும் அங்குலத்துக்கு 20 மரை, எட்டில் மூன்று அங்குல விட்டத்துக்கு இரண்டிலும் 16 மரை என்பதால் சிறிய போல்ட்டுகளில் கண்ணால் பிரிக்க முடியாது, நட்டுகூட ஒன்றில் ஒன்று ஏறிவிடும். அரை அங்குலத்தில்தான் பிரிகின்றன: விட்வொர்த் 12, அமெரிக்கக் கரடு மரை 13. அதனால் பெட்டியில் அரை அங்குல போல்ட்டு ஒன்று இருந்தால் அதை முதலில் எடுங்கள். நுண்மரையில் வேறுபாடு தெளிவு. மேலே சொன்ன அமெரிக்க உரிமச் சங்கம் 1906இல் வகுத்து, பின்னர் எஸ்.ஏ.ஈ. (அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம்) ஏற்ற அளவில் கால் அங்குலத்துக்கு 28, எட்டில் மூன்றுக்கு 24, அரைக்கு 20. பிரிட்டனில் 1908இல் வந்த பி.எஸ்.எஃப். (பிரிட்டிஷ் தர நுண்மரை) அளவில் அவையே 26, 20, 16. ஆக, 28 மரை கொண்ட கால் அங்குல போல்ட்டும் காடி வெட்டிய நட்டும் ஒன்றாக இருந்தால் 1906க்குப் பிந்தைய அமெரிக்க வேலை என்ற சந்தேகம் வலுக்கிறது. ஐரோப்பிய மெட்ரிக் மரை 1898 சூரிச் மாநாட்டில்தான் ஒரே அளவுக்கு வந்தது. அதற்கு முந்தைய பிரெஞ்சு வேலையில் இன்றைய கேஜ் எதிலும் சேராத மரைகள் இருக்கும். கேஜில் சேரவில்லை என்றால் தேய்மானம் என்று தள்ளாமல் மூன்று இடங்களில் அளந்து எழுதிவையுங்கள்.

மரையிலும் ஏமாற்று உண்டு. 1919 முதல் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு நிறுவனம் மோரிஸ் கார்களுக்கு எஞ்சின் செய்தபோது, பிரெஞ்சு இயந்திரங்களில் வெட்டியதால் மரை மெட்ரிக், ஸ்பேனர் பிடிக்கும் தலை விட்வொர்த் அளவு. மரையை மட்டும் பார்த்தவர் பிரான்ஸ் என்பார், தலையை மட்டும் பார்த்தவர் இங்கிலாந்து என்பார். போல்ட்டு வேறு, அது போய் உட்காரும் வார்ப்பின் மரை வேறு என்பதும் முக்கியம். போல்ட்டு நூறாண்டில் எத்தனையோ முறை மாறியிருக்கும். வார்ப்பில் வெட்டிய மரை மாறாது, அதைத்தான் நம்ப வேண்டும். பால் பேரிங்கின் மெட்ரிக் அளவும் நாட்டைச் சொல்லாது. பெர்லினின் டி.டபிள்யூ.எஃப். போன்ற ஜெர்மன் நிறுவனங்கள் முன்னோடியாக இருந்ததால் அமெரிக்கக் கார்களிலும் மெட்ரிக் பேரிங்குகளே ஓடின. 25 மில்லிமீட்டர் உள்விட்டம், 52 வெளிவிட்டம், 15 அகலம் என்ற அளவு அன்றும் இருந்தது, இன்றும் கடையில் கிடைக்கிறது. எஸ்.கே.எஃப். என்ற சுவீடன் நிறுவனத்தின் பெயர் இருந்தால் அந்தப் பேரிங் 1907க்குப் பிந்தையது, அவ்வளவுதான்; அது உட்கார்ந்திருக்கும் ஹப் அதைவிடப் பழையதாக இருக்கலாம். வலப்பக்க ஸ்டியரிங்கைப் பார்த்து அமெரிக்கா இல்லை என்று ஒதுக்குவதும் தவறு. மாடல் டி 1908இல் இடப்பக்கத்துக்கு மாற்றிய பிறகும் பல அமெரிக்க நிறுவனங்கள் வலப்பக்கத்திலேயே சில ஆண்டுகள் தொடர்ந்தன.

எஞ்சின் பாகம் இருந்தால் ஸ்பார்க் பிளக் துளையை அளங்கள். 18 மில்லிமீட்டர் விட்டம், 1.5 மில்லிமீட்டர் மரை என்றால் ஐரோப்பிய வழி. எட்டில் ஏழு அங்குலம், 18 மரை என்றால் அமெரிக்க எஸ்.ஏ.ஈ. அரை அங்குலக் குழாய் மரை, அங்குலத்துக்கு 14, உள்ளே போகப்போகக் குறுகுவது என்றால் மாடல் டி ஃபோர்டு முதலில் நினைவுக்கு வர வேண்டும். பின்னிரண்டின் விட்டமும் கிட்டத்தட்ட ஒன்று, 22.2 மில்லிமீட்டரும் 21.3 மில்லிமீட்டரும். குறுகுகிறதா என்று பார்க்காமல் சொன்னால் தவறிவிடும்.

உலோகமும் மேற்பூச்சும் நாட்டைவிட வயதை நன்றாகச் சொல்கின்றன. பித்தளை பளபளப்பு 1915ஐ ஒட்டி மங்கத் தொடங்கியது. மாடல் டியின் பித்தளை ரேடியேட்டர் 1916இல் முடிந்தது. அதன்பின் நிக்கல் முலாம், மஞ்சள் சாயல் கலந்த மெல்லிய வெள்ளை. நீலச் சாயலோடு கண்ணாடிபோல் மின்னும் குரோமியம் 1920களின் பிற்பகுதியில்தான் கார்களுக்கு வந்தது. நிக்கலுக்கு மேல் குரோமியம் இருந்தால் பிற்காலத்தில் மறுமுலாம் பூசியிருக்கலாம் என்பதால் விளிம்பையும் உட்புறத்தையும் பாருங்கள். மின்காப்புத் துண்டுகள் கருப்பு வல்கனைட் ரப்பரா, பேக்லைட்டா என்பது நல்ல கேள்வி. வல்கனைட் வெளிச்சம் பட்டுப் பச்சை கலந்த பழுப்பாகும், துணியால் அழுத்தித் தேய்த்தால் கந்தக வாடை வரும். பேக்லைட் 1907இல் கண்டறியப்பட்டு 1909இல் அறிவிக்கப்பட்டது, எனவே அது இருந்தால் கீழ் எல்லை கிடைத்துவிட்டது. துத்தநாக அச்சு வார்ப்புத் துண்டு வலைபோல் வெடித்து, உப்பி, பொடிந்தால் அதில் ஈயம், தகரம் கலந்திருக்கிறது. 1929இல் தூய துத்தநாகக் கலவையான ஸமக் வந்த பிறகு இந்த நோய் மெல்லக் குறைந்தது. இவ்வாறு உப்பிய துண்டின் அளவைக் கொண்டு எதையும் முடிவு செய்யாதீர்கள், அது தன் பழைய அளவில் இல்லை. நட்சத்திரத் துளை கொண்ட பிலிப்ஸ் திருகு 1930களின் நடுவில் வந்தது. சதுரத் துளைத் திருகு என்றால் கனடாவின் ராபர்ட்சன், 1909க்குப் பிந்தையது. அங்கே கட்டிய மாடல் டிகளின் மர உடலில் நிறைய இருக்கும். கையால் திருகும் கிரீஸ் கிண்ணம் பழைய முறை, துப்பாக்கி வைத்து அழுத்தும் நிப்பிள் பரவியது 1920களில். ஃபிளைவீலில் ஸ்டார்ட்டருக்கான பல் வளையம் இருந்தால், 1912 கேடிலாக்கில் மின் ஸ்டார்ட்டர் வந்த பிறகான காலம் என்று கொள்ளலாம். மாடல் டிக்கு அது 1919.

நிறுவனப் பெயர்களே சில சமயம் நாட்காட்டி. வேகமானி செய்தவர்களில் வார்னர் தனி, ஸ்டூவர்ட் அண்ட் கிளார்க் தனி, ஸ்டூவர்ட்-வார்னர் என்று சேர்ந்தது 1912இல். ஆக, வேகமானியில் மூன்றில் எந்தப் பெயர் என்பதே காலத்தைப் பிரித்துவிடும். கிளாக்ஸன் ஒலிப்பான் 1908க்கு முன் இல்லை. வெஸ்டன்-மாட் அச்சில் உட்டிகா என்ற ஊர்ப்பெயர் இருந்தால் 1906ஐ ஒட்டி அந்த நிறுவனம் ஃபிளின்ட் ஊருக்கு மாறியதற்கு முந்தையது. ஊர்ப்பெயர் இல்லாமல் பெயரை மட்டும் நம்பினால் ஜெனித் விஷயத்தில் சறுக்கும், ஏனென்றால் லியோனில் பிறந்த அந்தக் கார்புரேட்டர் லண்டனிலும் பெர்லினிலும் டெட்ராய்ட்டிலும் விற்கப்பட்டது.

இனி உங்கள் பெட்டிக்கு வருவோம். மேக்னெட்டோவில் குதிரைலாடக் காந்தம் இருப்பதே அல்னிக்கோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த) காந்தங்கள் வந்த 1930களுக்கு முந்தைய வடிவமைப்பு என்று சொல்கிறது. பாஷ் என்று இருந்தால், வட்டத்துக்குள் ஆர்மேச்சர் வரைந்த சின்னம் உண்டா என்று பாருங்கள்; அது 1918இல் பாஷ் பொறியாளர் ஹோனோல்ட் வரைந்தது. சின்னமில்லாமல் ஸ்டுட்கார்ட் என்று மட்டும் இருந்தால் அதற்கு முந்தையது என்ற வாய்ப்பு கூடுகிறது. அமெரிக்கக் கிளையை 1918இல் அந்நாட்டு அரசு எதிரிச் சொத்தாக எடுத்துக்கொண்டு விற்றது, அதன்பின் வந்தது 'அமெரிக்கன் பாஷ்', அது வேறு நிறுவனம். டியூ 4, இசட்.ஆர். 4 போன்ற வகைப்பெயரில் கடைசி எண் சிலிண்டர் எண்ணிக்கை. தகடு இல்லையென்றால் டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் மின்சாரம் பிரித்தனுப்பும் பகுதி) முனைகளை எண்ணுங்கள். பற்சக்கரப் பற்களை எண்ணினாலும் தெரியும், நாலு சிலிண்டருக்கு ஒன்றுக்கு இரண்டு, ஆறுக்கு ஒன்றுக்கு மூன்று என்ற விகிதம். அடித்தளத்திலிருந்து தண்டின் மையம் வரை உயரம், தண்டு நுனியின் சரிவு, சுற்றும் திசை காட்டும் அம்புக்குறி ஆகிய மூன்றும் எந்த எஞ்சினுக்கு என்ற தேடலைப் பாதியாகக் குறைக்கும். 45 மில்லிமீட்டர் உயரம் நாலு சிலிண்டர் கார்களில் மிகப் பரவலானது என்பதால் அது மட்டும் போதாது. ஒரே ஒரு மின்முனை மட்டும் இருந்து டிஸ்ட்ரிபியூட்டரே இல்லையென்றால், தனிச் சுருளோடு ஓடியதா, அல்லது சிலிண்டருக்குள் தொடுமுனை பிரிந்து பொறி உண்டாக்கும் பழைய முறையா என்று பார்க்க வேண்டும்.

கார்புரேட்டரில் பெயருக்கு அடுத்து முக்கியம் இணைப்புத் தட்டின் துளைகளுக்கு இடையிலான மையத் தூரமும் காற்றுத் தொண்டையின் விட்டமும். காற்று கீழிருந்து மேலே போகும் அமைப்பா என்று பாருங்கள். 1920களின் இறுதி வரை ஏறக்குறைய எல்லாமே அப்படியோ பக்கவாட்டிலோதான், மேலிருந்து கீழே இறங்கும் வகை 1930களுடையது. மிதவை அரக்கு பூசிய தக்கையா, பித்தளையா என்பதையும் குறித்துவையுங்கள், ஆனால் அது மாற்றத்தக்க பாகம். ஹப் மூடியில் பெயர் இருந்தால் அதுதான் பெட்டியிலேயே அதிகம் பேசும் பொருள், ஏனென்றால் அங்கே வழக்கமாகக் காரின் பெயரே இருக்கும். அதே பெயர் பல ஆண்டுகள் தொடர்ந்ததால் மரையின் உள்விட்டம், அங்குலத்துக்கு எத்தனை மரை, அறுகோணத்தின் எதிர்ப்பக்க அகலம் மூன்றையும் அளந்தால்தான் எந்த மாடல் என்று நெருங்கலாம். முன், பின் சக்கர மூடிகள் வேறு அளவில் இருப்பதும் உண்டு.

விளக்கில் உள்ளே பாருங்கள். திரியும் எண்ணெய்த் தொட்டியும் இருந்தால் மண்ணெண்ணெய் விளக்கு, அவை பொதுவாகப் பக்க விளக்கும் பின் விளக்கும். அடியில் குழாய் நுழைவாயும் வெள்ளைக் கல் நுனியுள்ள இரட்டைத் தாரை எரிப்பானும் இருந்தால் அசிட்டிலீன், அதுதான் 1900களின் முன்விளக்கு; 1904இல் தொடங்கிய பிரெஸ்ட்-ஓ-லைட் உருளையோ கார்பைடு தொட்டியோ அதற்கு வாயு தந்தது. மேலே புகைபோக்கி இருந்தும் உள்ளே பல்பு பிடிப்பான் இருந்தால் பின்னாளில் மின்சாரத்துக்கு மாற்றியது. அப்போது உடலுக்கு ஒரு வயது, உள்ளமைப்புக்கு வேறு வயது. கிரே அண்ட் டேவிஸ், ரஷ்மோர், சோலார், டீட்ஸ், லூகாஸ், பிளெரியோ, டுசெலியே போன்ற பெயர்கள் விளிம்பிலோ உச்சியிலோ இருக்கும். மெழுகுவத்திக்கான சுருள்வில் குழாய் அடியில் நீண்டிருந்தால் அது குதிரை வண்டி விளக்கு.

அந்தச் சந்தேகம் எல்லாப் பாகத்துக்கும் வேண்டும்: இது காருடையதுதானா? ஷெப்ளர் கார்புரேட்டர் படகுகளிலும் மோட்டார் சைக்கிள்களிலும் ஓடியது. தண்ணீர் பம்பு முழுதும் வெண்கலம் என்றால் கடல் நீரை நினைத்துச் செய்த படகு எஞ்சின் பாகமாக இருக்கலாம். மேக்னெட்டோவின் தண்டில் வில் வைத்துத் தட்டிச் சுழற்றும் இணைப்பு இருந்தால் டிராக்டரோ நிலையான எஞ்சினோ என்ற பக்கம் தராசு சாய்கிறது. பண்ணை எஞ்சின் பாகங்கள் கார் பாகங்களை விடப் பல மடங்கு எஞ்சியிருக்கின்றன, அதனால் குறி எதுவும் இல்லாத கனமான வார்ப்புக்கு அதையே முதலில் சோதிப்பது நல்லது.

பிறகு, பழையதா, பழையதைப் பார்த்து இப்போது வார்த்ததா என்ற கேள்வி. மாடல் டி பாகங்களும் பித்தளை விளக்குகளும் நிறைய மறுவார்ப்பு ஆகியுள்ளன. அசலையே மாதிரியாக வைத்து மணலில் பதித்து வார்த்தால் உலோகம் ஆறும்போது சுருங்கும்: வார்ப்பிரும்பு சுமார் நூற்றுக்கு 1, அலுமினியம் 1.3, பித்தளை 1.5 அளவு. அசல் மூடி 75.0 மில்லிமீட்டர் என்றால் அதிலிருந்து வார்த்த பித்தளை மூடி 73.9க்கு வரும். கடைந்த பரப்பில் இது தெரியாது, கடையாத வார்ப்புப் பரப்பிலேயே அளக்க வேண்டும். எழுத்துகளின் விளிம்பும் மழுங்கியிருக்கும். தகட்டு வேலையில் பழைய இணைப்பு ரிவெட்டு, ஈயப்பற்று, பித்தளைப்பற்று. சீரான மீன்செதில் அடுக்காக ஓடும் டிக் (மந்த வாயுவுக்குள் மின்வில் கொண்டு செய்யும்) பற்றவைப்பு 1940களுக்குப் பிந்தைய கைவேலை, அது பழுதுபார்ப்பாகவும் இருக்கலாம். தேய்மானம் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். ஸ்பேனர் பிடித்த மூலைகள், தண்டு உரசிய துளை, வாஷர் அழுத்திய வளையம் இவற்றில் தேய்ந்திருந்தால் அது வேலை செய்த பாகம். எல்லா இடத்திலும் ஒரே அளவு கறுத்திருந்தால் அமிலத்தில் முக்கியது.

இத்தனையும் சேர்ந்தாலும் படத்தை மட்டும் பார்த்து யாரேனும் காரின் பெயரையும் ஆண்டையும் ஒரே வரியில் சொன்னால், அவர் அதே பாகத்தை அதே காரில் பார்த்திருந்தால் தவிர, அது ஊகம். உங்கள் நான்கு படங்களிலிருந்து என்னால் உறுதியாகச் சொல்லக்கூடியது மேக்னெட்டோ 1930களுக்கு முந்தைய வகை என்பது மட்டும். ஒரே பெட்டியில் இருப்பதால் எல்லாம் ஒரே வண்டியுடையவை என்று எடுத்துக்கொள்ள முடியாது. உதிரிகளைச் சேர்த்துவைப்பவர்கள் வண்டி பார்த்துச் சேர்ப்பதில்லை. ஆனால் மேக்னெட்டோ, கார்புரேட்டர் இணைப்பு, ஹப் மூடி மூன்றின் மரையும் ஒரே நாட்டு அளவில் விழுந்து, மூன்றின் கால எல்லைகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தால், அப்போது ஒரே வண்டி என்ற எண்ணத்துக்கு இடமுண்டு.

அடுத்த பதிவில் இவற்றைத் தாருங்கள்: ஹப் மூடியின் முகம், உட்புறம், அதன் மூன்று அளவுகள், மேக்னெட்டோவின் தகடு, தண்டு உயரம், அம்புக்குறி இருக்கும் முனை, கார்புரேட்டர் தட்டின் மையத் தூரம், அடிப்புறத்தில் இருக்கும் எல்லா எழுத்தும், விளக்கின் உட்புறமும் அடிப்புறமும். படத்தில் பாகத்தின் அருகே, அதே உயரத்தில் ஓர் அளவுகோலை வையுங்கள், ஒரு மீட்டர் தள்ளி நின்று பெரிதாக்கி எடுங்கள்; அருகில் நின்று எடுத்தால் விளிம்புகள் வளைந்து அளவு பொய்யாகும். போல்ட்டுகளில் அரை அங்குலத்தை ஒட்டியவற்றைத் தனியே பிரித்து மரையை எண்ணிச் சொல்லுங்கள். ஹப் மூடியில் பெயர் வாசிக்க முடியவில்லை என்றால் தேய்த்தெடுத்த பென்சில் படியையே படமெடுத்துப் போடுங்கள், பாதி எழுத்து இருந்தாலும் போதும்.